புல்டோசருக்குக் கட்டிய சிவப்புத் துணி

டீசலும் மழையில் நனைந்த புழுதியும் புதுத்துணியின் கஞ்சியும் சேர்ந்து ஊறும்போது ஒரு வாசனை வரும். நான் வளர்ந்த வீட்டின் குளியலறை வாசனை அது. பெங்களூர் அடுகோடியில், ஒர்க் ஷாப் வரிசைக்குப் பின்னால், ஒட்டி ஒட்டிக் கட்டிய ஆறு வீடுகளில் மூன்றாவது எங்களுடையது. எல்லார் வீட்டுக் கயிற்றிலும் லுங்கியும் பாவாடையும் காய, எங்கள் வீட்டுக் கயிற்றில் அவற்றோடு நாலு சிவப்புத் துணிகளும் காயும். அப்பா, சென்னைத் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் புல்டோசர்களை "லோபெட்" என்கிற தாழ்வான நீள டிரெய்லரில் ஏற்றி பெங்களூருக்குக் கொண்டுவரும் டிரைவர். புல்டோசரின் முன்னால் இருக்கும் இரும்புப் பிளேடு டிரெய்லரைவிட அகலம். இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். எதிரே வருகிறவனுக்கு இந்த வண்டி எதுவரைக்கும் இருக்கிறது என்று தெரிவதற்காக அந்த இரண்டு முனைகளிலும், பின்பக்கத்து இரண்டு மூலைகளிலும் சிவப்புத் துணி கட்டவேண்டும். சாலையில் அதற்குக் கொடி என்று பெயர்; எங்கள் வீட்டில் வெறும் "செவப்பு". "மழ வர்ற மாதிரி இருக்கு, செவப்ப எடுத்து உள்ள போடு" என்று அம்மா சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூடப் புரியும்.

அவ்வளவு பெரிய வண்டி ஓட்டுகிற மனிதர் சாலையில் பறந்து வருவார் என்று என் வகுப்புப் பிள்ளைகள் நினைத்தார்கள், நானும் திருத்தவில்லை. உண்மையில் பஸ் ஒரு பகலில் வந்துசேரும் தூரத்துக்கு அப்பா நாலு நாள் எடுத்துக்கொள்வார். முன்னால் ஒரு பைலட் ஜீப் போகும். அதில் இருப்பவர் குறுகலான பாலத்திலும், தாழ்ந்த மின்கம்பிக்கு அடியிலும், கூரையைச் சாலைவரை இழுத்துவிட்டிருக்கும் டீக்கடையிலும் இறங்கி, பின்னால் இன்ன அகலத்தில் ஒரு லோடு வருகிறது என்று சொல்லிவிட்டுப் போவார். "பெருசா வர்றவன் முன்னாடியே ஆள் அனுப்பிச் சொல்லிடணும், அப்புறம் யாரும் கோச்சுக்க மாட்டாங்க" என்பது அப்பாவின் பேச்சு. தொழில் அவரை விட்டு ஒரு நாளும் இறங்காது. என் அத்தைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தெருமுனையைப் பார்த்துவிட்டு வந்து, "இந்தச் சந்துல லோபெட் திரும்பாதே" என்றாராம். இந்த ஒரு சொல்லுக்காக அத்தை அவரோடு ஒரு வருஷம் பேசவில்லை.

அந்த நாலு நாளில் கடைசி நாள்தான் எங்களுக்குக் கொடுமை. பகலில் இப்படிப்பட்ட லோடுகளை ஊருக்குள் விடமாட்டார்கள். அனுமதி வரும்வரை பொம்மனஹள்ளியில், தொழிற்சாலைச் சுவரை ஒட்டிய ஒரு வெற்று மைதானத்தில் நிறுத்திக் காத்திருக்கவேண்டும். வீடு பஸ்ஸில் அரைமணி நேரம். ஆனாலும் அப்பா வரமாட்டார். மிஷினை இறக்கிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கும்வரை அதை விட்டு நகரக்கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அதனால் நாங்கள் அவரிடம் போவோம். அம்மா தூக்குச்சட்டியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொள்ள, டிரெய்லரின் அடியில், சக்கரங்களுக்கு நடுவே விழும் நிழலில் பாய் விரித்துச் சாப்பிடுவோம். தலைக்கு மேலே இருபது டன்னுக்குக் குறையாத இரும்பு. எனக்குப் பயமே இருந்ததில்லை. அப்பா சங்கிலி போட்டிருக்கிறார், பிறகென்ன.

எனக்கு ஒன்பது வயதானபோது புதுநன்மை வந்தது. பூசையில் சாமியார் கையால் நற்கருணை அப்பத்தை, அதாவது நன்மையை, முதன்முதலாக வாங்கும் பிள்ளைகள் நாங்கள், சிறுமிகள் வெள்ளைக் கவுனிலும், பையன்கள் வெள்ளைச் சட்டையிலும், கன்னியர் பள்ளியிலிருந்து வரிசையாகப் புறப்பட்டு, சாலையைத் தாண்டி, எதிரே இருக்கும் மாதா கோவிலுக்குப் போவோம். வெள்ளை என்றால் வெள்ளைதான் என்று பிலோமினா சிஸ்டர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சந்தன நிறத்தில் ரிப்பன் கொண்டுவந்த ஒருத்தியை அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். அம்மா தன் கல்யாணத்துக்குக் கட்டிய வெள்ளைப் புடவையை வெட்டி எனக்குக் கவுன் தைத்தாள். தைத்த இரண்டு வாரமும் அப்பா துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்தும் சாலையிலுமாக இருந்தார், கவுனைப் பார்க்கவில்லை. கிளம்பும்போது எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்: வெள்ளிக்கிழமைக்குள் லோடு இறங்கிவிடும், ஞாயிறு காலை கோவிலில் முன் பெஞ்சில் இருப்பேன். அதுவரை என் பிறந்தநாள் ஒன்றுக்கும் அவர் ஊரில் இருந்ததில்லை. அதனால் எனக்கு நன்மையைவிட அந்த முன் பெஞ்சுதான் முக்கியமாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

லோடு வெள்ளிக்கிழமை பொம்மனஹள்ளிக்கு வந்தது, அங்கேயே நின்றது. சனிக்கிழமை மதியம் அம்மாவும் நானும் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கும் பாவசங்கீர்த்தனத்துக்காகக் கோவிலுக்குப் போயிருந்தோம். பெட்டியில் பத்து வருஷம் கிடந்த புடவையாதலால் மடிப்புகளில் லேசாக மஞ்சள் படிந்திருந்தது. அது போவதற்காக அம்மா கவுனைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு வந்திருந்தாள். திரும்பி வந்தால் வாசலில் அப்பாவின் செருப்பு. தன் சட்டத்தை முதன்முறையாக மீறி, பக்கத்து வண்டி டிரைவரை மிஷினுக்குக் காவல் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கென்று வீட்டுக்கு வந்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே ஓடினேன்.

அப்பா குளியலறையில் வாளிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இந்த லோடுக்கென்று சென்னையில் புதிதாக வாங்கிய சிவப்புத் துணிகள் கிருஷ்ணகிரி மழையில் சேறாகிவிட்டன. அழுக்குக் கொடியோடு ஊருக்குள் போனால் போலீஸ்காரர் நிறுத்துவார். எப்போதும் அம்மா தலையில் கட்டும் வேலையை இன்றாவது நாமே செய்வோம் என்று நினைத்திருக்கிறார். செவப்புக்கென்று எங்கள் வீட்டில் தனியாக ஒரு தகர டின் உண்டு, அதைத் தவிர வேறெதிலும் அதை நனைக்கக்கூடாது என்பது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். அவரோ, சோப்புத் தண்ணீர் தயாராக இருக்கிறதே, அடியில் ஏதோ பழைய வெள்ளைத் துணிதானே என்று நாலையும் வாளியில் போட்டு நன்றாக மிதித்திருக்கிறார். அடியில் இருந்தது என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும், அவர்தான் அந்தக் கவுனைப் பார்த்ததே இல்லையே. அம்மா அதைத் தூக்கிப் பிழிந்தபோது கைப்பக்கம் வெளிர் ரோஸாகவும் விளிம்பு நல்ல ரோஸாகவும் இருந்தது.

எத்தனையோ குறுகலான பாலங்களில் ஒரு சுவரில்கூட உரசாமல் இரும்பைக் கொண்டுவந்த மனிதர், ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டு நின்றார். அம்மா திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் கல்யாணப் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான்தான் கத்தினேன். ஆறு வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன். "உனக்கு உன் மிஷின்தான் பொண்ணு. நாளைக்கு நீ கோவிலுக்கே வராத." அப்பா வாயைத் திறந்தார், ஏதோ சொல்ல வந்தார், சொல்லாமல் நாலு துணியையும் பிழிந்து பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு அழுத அழுகை தனி. சோப்பும் எலுமிச்சம்பழமும் வெயிலும் போட்டு அம்மா சாயங்காலம்வரை போராடினாள், ரோஸ் அசைந்துகொடுக்கவில்லை.

காலையில் அதே கவுனைப் போட்டுக்கொண்டுதான் போனேன். வேறு கவுன் இல்லை. சிஸ்டர் திருப்பி அனுப்பினால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனேன். அப்பா காலைவரை வராததற்கு நான் போட்ட கூச்சல்தான் காரணம் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பள்ளி வாசலில் சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், நாற்பது வெள்ளைப் பிள்ளைகளுக்கும் முன்னால், வரிசையில் முதலாவதாக நிறுத்தினார். "நடுவுல நின்னா தப்பு மாதிரி தெரியும். முன்னாடி நின்னா நாமளே வச்ச மாதிரி இருக்கும். நிமிந்து நில்லு" என்றார்.

ஆனால் எங்களைப் புறப்படவிடவில்லை. கோவிலில் மணி அடித்துவிட்டது. சிஸ்டர் கடிகாரத்தையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். சாமியார் இன்னும் தயாராகவில்லை போல என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அப்போது ஓசூர் சாலைப் பக்கமிருந்து ஒரு ஜீப் வந்தது, அதன் பின்னால், நடக்கிற வேகத்தில், மஞ்சள் நிறத்தில், தெருவையே அடைத்துக்கொண்டு, பிளேடின் இரண்டு முனையிலும் பாதிச் சாயம் போன சிவப்பு தொங்க, எங்கள் அப்பாவின் லோடு வந்தது. சிஸ்டர் கையைத் தூக்கினார். ஜீப்பிலிருந்தவர் இறங்கி லோடுக்குக் கை காட்டினார். எனக்கு விவரம் தெரிந்த நாளாக ஊரெல்லாம் ஒதுங்கி வழிவிட்ட வண்டி எங்கள் பள்ளி வாசலில் நின்றது, இன்ஜினும் நின்றது. "போ" என்றார் சிஸ்டர்.

நான் முதலில் நடந்தேன். வண்டியின் முன்பக்கத்துக்குச் சரியாக நடுவில் வந்ததும் நின்று திரும்பி மேலே பார்த்தேன். அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் கூப்பிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டிருந்தார், துடைத்துக்கொள்ளவில்லை. பின்னால் நின்ற பெண் என்னை முதுகில் தள்ளும்வரை நான் அங்கேயே நின்றேன்.

மீதியைச் சிஸ்டர் பல வருஷம் கழித்துத்தான் எனக்குச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை, பிழிந்த கொடிப் பையோடு அப்பா நேரே பள்ளிக்குத்தான் போயிருக்கிறார். "சிஸ்டர், நாளைக்கு ஒரு லோடு வருது, கொஞ்சம் கலர் மாறி இருக்கும். முன்னாடியே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாராம். தெருவில் நெரிசல் இல்லாத நாள் என்று நிஜ லோடுக்கு ஞாயிறு காலைதான் அனுமதி கிடைத்திருக்கிறது, பூசை நேரத்தில்தான் இந்தச் சாலையைக் கடக்கவேண்டும், மகளிடம் சொல்லத்தான் வீட்டுக்கு வந்தேன், சொல்ல முடியவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். பிறகு, பிள்ளைகள் எத்தனை மணிக்குச் சாலையைத் தாண்டுவார்கள் என்று கேட்டு, பீடிக்கட்டுத் தாளின் பின்புறம் குறித்துக்கொண்டு போனாராம்.

இப்போது நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். தினமும் கம்பெனி வண்டியில் பொம்மனஹள்ளியைத் தாண்டுகிறேன். நாங்கள் பாய் விரித்த மைதானத்தில் பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. பெரிய லோடுகள் ஊருக்குள் வருவதில்லை, வெளிவட்டச் சாலையிலேயே சுற்றிப் போய்விடுகின்றன. அவற்றில் பளபளக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள், துவைக்கவேண்டிய எதுவும் அவற்றில் இல்லை. பள்ளி வாசலுக்கும் கோவிலுக்கும் நடுவே சாலை நெடுகச் சிமெண்ட் தடுப்பு வந்துவிட்டது, இன்று எந்தப் பிள்ளையும் அங்கே தாண்ட முடியாது. ரோஸ் கவுன் என் சித்தி மகளுக்குப் போய், அவள் தங்கைக்குப் போய், பிறகு எங்கே போயிற்றோ தெரியவில்லை.

அப்பா இப்போது என்னோடு இருக்கிறார். போன மாதம் என் மகளின் புதுநன்மைக்கு அவரை முன் பெஞ்சில் உட்காரவைத்தோம். வீட்டுக்கு வந்ததும், என்னப்பா, ஒருவழியாக முன் பெஞ்சு கிடைத்துவிட்டதா என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"முன் பெஞ்சுல இருந்தாலும் முதுகுதாண்டி தெரியுது. அன்னிக்கு உங்கம்மாலேருந்து கோவில்ல இருந்த அத்தன பேரும் உன் முதுகத்தான் பாத்தாங்க. மூஞ்சிய நான் ஒருத்தன்தான் பாத்தேன்."