சைரன் என்றொரு பெயர்

விடத்தல்தீவுக் கரையில் கூட்டத்தை விலக்கிப் பார்க்கிறேன். மணலில் ஒரு கடற்பசு செத்துக் கிடக்கிறது. துடுப்புக்கு அடியில் பெண்ணின் மார்பு போலவே முலை, பால் கசிகிறது.

அது மாட்டிய வலைக்குச் சொந்தக்காரரான சூசை அண்ணன் தலையைப் பிடித்தபடி இருக்கிறார். அவரிடம் எனக்குத் தெரிந்த பெயர்க் கதையை உளறுகிறேன்: கிரேக்கக் கதையில் பாடியே மாலுமிகளைக் கொல்லும் பெண்கள் சைரன்கள். போர்த்துக்கேய மொழியில் அந்தச் சொல் கடற்கன்னியானது; நமக்கு அபாயச் சங்கு. கடற்பசு இனத்துக்கும் விஞ்ஞானிகள் அந்தச் சொல்லையொட்டியே பெயர் சூட்டினார்கள்.

"பாட்டோ? வலையில மாட்டினா இது ஒரு சத்தமும் போடாது தம்பி. மூச்சு முட்டிச் செத்திட்டுது."

சட்டென்று எழுந்து படகைத் தள்ளுகிறார்.

"குட்டி இன்னும் கடலில அந்த வலையடியிலதான் சுத்துது. அதுவும் மாட்ட முந்தி வலையைக் கழட்டவேணும். ஏறுங்கோ!"