இளங்கொடி விழும்வரை

சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். ஏர்வாடிக்குப் போகும் வண்டிப்பாதை ஓரத்தில்தான் நான் வாழ்க்கைப்பட்ட வீடு. அப்போது எனக்குத் தலைப்பிள்ளை வயிற்றில், நிறைமாதம். அந்த வீட்டுப் பசு முன்பு போட்ட இரண்டு கிடேரிக் கன்றுகளும் கழுத்துக்கயிறு பழகுமுன்னே கழிச்சல் கண்டு செத்திருந்தன. அன்று விடியலில் போட்ட மூன்றாவதும் கிடேரிதான்.

"இதுவும் போச்சுன்னா பசுவ அடிமாட்டுக்குத் தள்ளிட வேண்டியதுதான். பொட்டைக்கன்னு தங்காத தொழுவு இது" என்றார் மாமியார். சொல்லிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். நான் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.

மாட்டின் நஞ்சுக்கொடியை இளங்கொடி என்போம். அது விழுந்து, சீம்பாலைக் கறந்து அக்கம்பக்கம் கொடுத்த பிறகே கன்றை மடிக்கு விடுவது எங்கள் வழக்கம். அன்று வெயில் ஏறியும் கொடி விழவில்லை. கன்று தலை தூக்க மாட்டாமல் கிடந்தது. கொடி விழுவதற்காகப் பசுவுக்குக் கொடுக்க மூங்கில் இலை தேடி மாமியார் போயிருந்தார்.

ஏர்வாடி தர்காவுக்கு நடந்துபோன அம்மா ஒருவர் தண்ணீர் கேட்டு வந்தார்.

"ஏந்தாயி, தாய்க்கும் பிள்ளைக்கும் சண்டையா? ஆளுக்கொரு மூலையில கட்டியிருக்கீக."

"கொடி விழாமக் குடிச்சா கன்னுக்கு ஆகாதாம்மா. அவுத்தா மாமியா வைவாக."

"எங்க வீட்டுல பெறந்ததுமே ஊட்ட விட்டுருவோம். அல்லா காவல்ல எல்லாம் துள்ளிக்கிட்டுத்தான் திரியுது. வசவு என்ன கடிக்கவா போகுது? அவுத்து விடு."

மாமியார் வந்துவிடுவாரோ என்ற அவசரத்தில் எனக்கு முடிச்சு அவிழவில்லை. அவரே அவிழ்த்து, கன்றை ஏந்திக் காம்பருகே பிடித்தார். அது சப்பவேயில்லை. செத்தால் பழி என் தலையில்தான் என்று வாசலையே பார்த்து நின்றேன். அவர் விரலில் பாலைத் தொட்டு அதன் நாக்கில் தடவிக்கொண்டேயிருந்தார். கடைசியில் வால் ஆடியது. அவர் போன கொஞ்ச நேரத்தில் கொடியும் விழுந்தது.

"யாருத்தா அவுத்து விட்டது?" என்று உரத்த குரலோடு வந்த மாமியார், கொடியைக் கண்டதும் மூங்கில் இலையை ஓரமாகப் போட்டுவிட்டார்.

அதன்பிறகு ஒவ்வொரு விடியலிலும் தொழுவுக்குப் போக எனக்குக் கால் வராது. ஆனால் கன்றுக்குக் கழிச்சல் வரவேயில்லை.

கன்று துள்ளத் தொடங்கிய சமயம் எனக்கு மகள் பிறந்தாள். முதல் பாலைப் பீய்ச்சிக் கீழே விடச் சொல்லி, சீனித்தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தாள் மருத்துவச்சி. நான் வாய் திறக்குமுன் மாமியார் சொன்னார்: "அதை அங்கிட்டு வையி. பிள்ளையத் தாயிட்டக் குடு."

ஊர் பேர்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டேன் அந்த அம்மாவை. எங்கேனும் பச்சைப்பிள்ளை பாலுக்கு அழுதால், அன்று முடிச்சை அவிழ்க்க முடியாமல் தவித்த என் விரல்கள் இன்றும் தாமாகவே அசைகின்றன.