சாலமனின் முழங்காலுக்குக் காவல்

ஈஜிபுராவில் சாலமனின் வலது முழங்கால் இப்போது பொதுச்சொத்து. அதற்குக் காவல் நிற்காதவர் தெருவில் குறைவு.

கோலார் தங்கவயலில் பிறந்து, சுரங்கம் மூடியபின் பெங்களூர் வந்து ஆட்டோ ஓட்டியவர். பிரேக் மிதித்தே தேய்ந்தது என்று அவர் நம்பும் அந்த முழங்காலில் ஸ்டெம் செல் ஊசி போட்டார்கள். "ஊசி பாதி, பயிற்சி பாதி. ரெண்டும் சேர்ந்தாதான் ஏதாவது பலன் தெரியும். அப்பவும் உறுதி சொல்ல முடியாது" என்றார் டாக்டர். சாலமன் முதல் பாதியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அவருடைய இடுப்பெலும்பிலிருந்தே எடுத்த செல்லாம். புது இடத்தில் பிடித்து நிற்கவேண்டுமே, ஆகவே அசையக்கூடாது என்று வீடு கூடித் தீர்மானித்தது. "பால்ல உறை ஊத்திட்டு யாராச்சும் குண்டானை ஆட்டுவாங்களா?" என்று கேட்டார் மனைவி ரஞ்சிதம். தெருவும் ஆமாம் போட்டது. சர்ச்சிலிருந்து வந்தவர்கள்கூட முழங்காலைத் தொடாமல், கொஞ்சம் மேலே காற்றில் கைவைத்து ஜெபித்துவிட்டு, காபி குடித்துப் போனார்கள்.

இத்தனை மரியாதையில் கால் இறுகிக்கொண்டே வந்தது. சாலமனுக்குத் தூக்கம் போயிற்று. அசைத்தால் செல் கொட்டிவிடும்; அசைக்காவிட்டால் கால் கட்டையாகிவிடும், ஆட்டோ போய்விடும். எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் பயந்தார்.

பயிற்சிக்கு வராத ஆளைத் தேடி பிசியோதெரபிஸ்ட் நிருபமா வீட்டுக்கே வந்தார். காலை மடக்கிப் பார்த்தார். துருப்பிடித்த கேட் மாதிரி கொஞ்சம் வந்து நின்றது.

"அங்கிள், இப்படி வெச்சிருக்க யார் சொன்னா?"

"எல்லாரும்தாம்மா."

"டாக்டருமா?"

"அவரு ஒருத்தரைத் தவிர."

"செல்லு கொட்டிடாதா?" என்றார் ரஞ்சிதம்.

"எங்க ஆன்ட்டி கொட்டும்? முட்டியில ஓட்டையா இருக்கு? இப்படியே விட்டா ஊசி போட்டதே வேஸ்ட். அப்புறம் பிரேக்கை நீங்களா மிதிப்பீங்க?"

நிருபமா இன்னும் கொஞ்சம் மடக்கினார். உள்ளே கடக்கென்று ஒரு சத்தம்.

"போச்சா?" என்றார் சாலமன், மெல்ல.

"ஒண்ணும் போகல அங்கிள். காலை, சாயங்காலம் ரெண்டு வேளையும் செய்யணும்."

"செஞ்சா வண்டி ஓட்டுவேனா?"

"செய்யலைன்னா ஓட்டமாட்டீங்க. அதுதான் எனக்குத் தெரியும்."

ரஞ்சிதம் சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தார். "எங்க புடிக்கணும், காட்டு கண்ணு" என்று குதிகாலைப் பற்றி, கண்களை இறுக மூடிக்கொண்டு மடக்கினார். சாலமன் கண்ணை மூடவில்லை. சத்தம் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.