பேச்சியம்மாளின் குளத்துச் சட்டை

பேச்சியம்மாளுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. குடிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர் போக, முழங்காலுக்கு மேல் ஏறுகிற எந்தத் தண்ணீரோடும் அவள் உறவு வைத்துக்கொண்டதில்லை. அவளுக்கு வேலை கிடைத்ததோ அடையாற்றுப் பக்கம் இருந்த பொது நீச்சல் குளத்தில்.

அங்கே மதியத்துக்கு மேல் ஆண்களை அனுப்பிவிட்டு, வாசலில் கனத்த திரையை இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பெண்களுக்கென்று விடுவார்கள். அந்த நேரத்தில் உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் தேடினார்கள். தி. நகரில் ஊர்க்காரர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்த அவள் கணவன் சண்முகவேல் காதில் அது விழுந்தது.

“நீந்தத் தெரியுமான்னு கேட்டா என்னத்தச் சொல்ல?” என்றாள் பேச்சியம்மாள்.

“சேலைய மடிச்சு வைக்கதுக்கு எதுக்குளா நீச்சல்?” என்றான் சண்முகவேல்.

அவன் சொன்னது சரிதான். நாலு வருஷம் அவள் கரையில் நின்றே காலம் தள்ளினாள். வருகிறவர்களின் மூக்குக்கண்ணாடியையும் தோட்டையும் கைக்குட்டையில் முடிந்து வைப்பாள். ஈரத் தரையில் சாக்கு விரிப்பாள். யாராவது ஆழத்துப் பக்கம் நகர்ந்தால், தான் விழப்போவதுபோல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “அங்க போவாதீய, அங்க போவாதீய” என்று கத்துவாள். தண்ணீருக்குள் பார்த்துக்கொள்ள லூர்துமேரி இருந்தாள். சாந்தோம் கடற்கரைக் குப்பத்துப் பெண். அண்ணன்மாரோடு சண்டைபோட்டுக் கடலில் நீந்தக் கற்றவள். பேச்சியம்மாள் கத்துகிறபோதெல்லாம் நீருக்குள்ளிருந்து தலையை நீட்டி, “யக்கா, நீ சும்மா கெட. அவங்க முழுவுறதுக்கு முன்னாடி உன் கூச்சல்ல நான் முழுவிடுவேன்” என்பாள்.

பேச்சியம்மாளுக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. கணக்கு வாத்தியாரம்மா, டைப்பிஸ்ட், மாட வீதி மருமகள்கள், ராயப்பேட்டையிலிருந்து வரும் அன்வரி பேகம் எல்லாரும் திரையைத் தாண்டியதும் வேறு ஆட்களாகிவிடுவார்கள். வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறவர்கள் இங்கே தொண்டை தெரியச் சிரித்தார்கள். அத்தனை பேரும் புடவையை வரிந்து கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுவதே பாதிப் பேருக்கு நீச்சல்.

வெள்ளிக்கிழமை வந்தால் கதையே வேறு. பட்டணத்தில் குழாயைத் திறந்தால் காற்று வந்த காலம் அது. இத்தனை தண்ணீரைக் கண்ட பிறகு வீட்டில் யார் ஒரு குடத்தில் தலை அலசுவார்கள்? மயிலாப்பூர் கோமளா மாமி தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, சீயக்காய்ப் பொட்டலத்தோடு பஸ் ஏறி வந்துவிடுவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும். சாயங்காலம் பார்த்தால் குளத்தின் மேல் கிண்ணத்து ரசம்போல எண்ணெய் மினுங்கும். எத்தனை பிளீச்சிங் பவுடர் போட்டாலும் தெளியாது. அடியில் பதித்திருந்த கறுப்புக் கோடு சனிக்கிழமை வரை கண்ணுக்குத் தெரியாது.

எழுபத்திரண்டில் அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் ஏணிப் பக்கம் முங்கினாள். முந்தானை ஏணியின் திருகாணியில் மாட்டிக்கொண்டது. அவள் உதற உதற மிச்சப் புடவை காலைச் சுற்றியது. கலங்கிய தண்ணீரில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கரையில் நின்ற பேச்சியம்மாள்தான், முங்கிய ஆள் எழவில்லை என்று அலறினாள். லூர்துமேரி பாய்ந்து, கையால் தடவித் தேடி, புடவையை உருவிப் போட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் தண்ணீரைக் கக்கி, கண் விழித்து, முதலில் கேட்டது, “என் புடவை எங்கே?”

அடுத்த மாதம் குளத்துக்குப் புதிய விதிகள் வந்தன. கண்காணிப்பாளர் மாணிக்கவாசகம் நல்ல மனிதர். அவரே வந்து படித்துக் காட்டினார். காலையும் மாலையும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அடிக்கோடு தெரியாத நாளில் குளத்தைத் திறக்கக் கூடாது. குழாயடியில் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். தலையில் எண்ணெய் கூடாது. புடவை, தாவணி, வேட்டி எதுவும் தண்ணீருக்குள் வரக் கூடாது. நீச்சல் உடை மட்டும்தான்.

“நீச்சல் உடைன்னா, அந்தப் பத்திரிகையில எல்லாம் போடறாளே, அதுவா?” என்று கேட்டாள் கோமளா மாமி. “அதைப் போட்டுண்டு நிக்கறதுக்கு நான் முழுகியே போயிடறேன்.”

“அதனாலதாம்மா நானும் யோசிச்சேன். நீங்க யாரும் அதைப் போடப்போறதில்ல. விதியை மாத்த எனக்கு அதிகாரமும் இல்ல. இந்த நேரத்தைப் பையன்களோட பயிற்சிக்குக் கொடுத்துடலாம்னு மேலே சொல்றாங்க” என்றார் மாணிக்கவாசகம்.

விதி தப்பு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அந்தப் பெண்ணைத் தூக்கிவந்த கோலம் எல்லார் கண்ணிலும் இருந்தது.

பேச்சியம்மாள்தான் தொண்டையைச் செருமினாள். “ஐயா, சேலை கூடாது, சரி. அந்தக் குட்டை உடுப்புத்தான் போடணும்னு எழுதியிருக்கா?”

மாணிக்கவாசகம் தாளைத் திருப்பிப் பார்த்தார். “உடம்போட ஒட்டி இருக்கணும், எதிலயும் மாட்டக் கூடாது, சாயம் போகக் கூடாது. அவ்வளவுதான் இருக்கு.”

“அப்படின்னா நான் தைச்சுத் தாரேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, நீச்சல் உடுப்பு எதையும் அவள் அதுவரை தைத்ததில்லை. ரவிக்கை, பாவாடை, பள்ளிக்கூடச் சட்டை என்று அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுக்கிற கைதான் அவளுடையது. சண்முகவேல் கடையிலிருந்து சீருடைக்கு விற்கும் கருநீலத் துணியில் துண்டுகள் கொண்டுவந்தான். அவள் அதை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாயம் இறங்குகிறவரை அலசி, காயவைத்து வெட்டினாள். முழங்கை வரை கை, முழங்கால் வரை கால், இடுப்பில் சேர்த்துத் தைத்த ஒரே உடுப்பு. நாடா ஊறினால் அவிழ்க்க வராது என்று எலாஸ்டிக் வைத்தாள். அளவுக்கு, எல்லாத் தையற்காரர்களையும்போல ஆளுக்கொரு அளவு ரவிக்கை வாங்கிக்கொண்டாள். கோமளா மாமி கொடுத்த ரவிக்கையைப் பார்த்து, “மாமி, இது ஒங்க கல்யாண ரவிக்கையா?” என்று கேட்டாள். “அதுக்கு முந்தினதுடி” என்றாள் மாமி. அதற்குத் தக்கபடி தாராளமாகவே துணி விட்டாள்.

முதல் சட்டையை லூர்துமேரி போட்டுக்கொண்டு குளத்தில் குதித்தாள். குதித்த வேகத்தில் சட்டைக்குள் காற்று புகுந்து பூரிபோல உப்பியது. அப்படியே மேலே ஏறி அவள் முகத்தை மூடியது. இரண்டு கையும் சட்டைக் கைக்குள் சுருண்டு சிக்கிக்கொண்டன. கரையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லூர்துமேரியும் வெளியே வந்து சிரித்தாள். பிறகு துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: “இன்னா யக்கா இது, ஆளயே முழுங்கிக்கினு போவுது! இதுவும் பொடவதான். நடுவுல தையல் போட்ட பொடவ.”

அன்றைக்குப் பேச்சியம்மாள் இரவுச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

“தையல்ல என்ன கோளாறு?” என்றான் சண்முகவேல்.

“தையல்ல இல்ல. வெட்டுல.” கையைக் கழுவிவிட்டு வந்து சட்டையை மடியில் விரித்தாள். சின்ன வயதில் அவள் அம்மா தையற்காரரிடம் சொன்னது, இங்கே ஒவ்வொரு தாயும் அவளிடம் சொல்வது, எல்லாம் ஒன்றுதான். வளர்கிற பிள்ளை, நாலு விரல் கூட விட்டுத் தை. சொல்லிச் சொல்லி, கத்தரிக்கோல் தானாகவே நாலு விரல் தள்ளிப் போகப் பழகிவிட்டது. ஐம்பது தாண்டிய கோமளா மாமிக்கும் அப்படித்தான் வெட்டியிருந்தாள்.

“மாமி இனி எங்க வளரப் போறாவ?” என்று அவள் சொன்னதும் சண்முகவேலுக்குப் புரையேறிவிட்டது.

சிரித்து முடித்து அவன் கேட்டான்: “ஒட்டப் புடிச்சுத் தைச்சா யாரு போடுவா? கடைக்கு வாறவுக ரவிக்கைத் துணிக்கே அர முழம் கூடக் கேக்காவ.”

மறுநாள் அளவு ரவிக்கைகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஆட்களையே அளந்தாள். கூசினார்கள், நெளிந்தார்கள். அன்வரி பேகம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். “மூச்ச விடுங்கம்மா, தண்ணிக்குள்ளயும் இப்படியேவா நிப்பீய?” என்று அதட்டினாள். லூர்துமேரிக்கும் கோமளா மாமிக்குமாக இரண்டு சட்டை தயாரானது. துணி உடம்போடு இருந்தது. இறுக்கவும் இல்லை, தொங்கவும் இல்லை.

கோமளா மாமி போட்டுப் பார்த்துவிட்டு அறையை விட்டு வர மறுத்தாள். “ஏண்டி பேச்சி, நன்னாத்தான் இருக்கு. ஆனா எல்லாம் தெரியறாப்பல இருக்கே. ஆத்துல தெரிஞ்சா என்ன சொல்லுவா?”

“திரைக்குள்ள நம்மதான மாமி இருக்கோம்.”

“கரையில நின்னுண்டு புடவையோட சொல்றதுக்கு உனக்கென்ன? நீ போட்டுப்பியா இதை?”

மற்றவர்களும் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள். அது நியாயமான கேள்வி என்று அவளுக்கே பட்டது. அன்றைக்கே மூன்றாவது சட்டையைத் தனக்கென்று வெட்டினாள்.

எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்க ஒரு டாக்டரம்மாவை அனுப்பினார்கள். சொல்லிவைத்ததுபோல அது வெள்ளிக்கிழமை. பெண்கள் எண்ணெயையும் சீயக்காயையும் காலையிலேயே வீட்டில் முடித்துவிட்டு வந்திருந்தார்கள். கோமளா மாமி, பக்கத்து வீட்டில் இரண்டு குடம் கடன் வாங்கி அலசியதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். குளம் தெளிந்து கிடந்தது. ஆழத்துப் பக்கத்திலும் கறுப்புக் கோடு பட்டையாகத் தெரிந்தது. மாணிக்கவாசகம் உள்ளே வர முடியாதாகையால் திரைக்கு வெளியே நின்று, “தண்ணி பார்த்தாச்சா? எண்ணெய் பார்த்தாச்சா?” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து நிறம் பார்த்தார். இரண்டு மூன்று பேர் தலையை விரலால் தொட்டுப் பார்த்தார். லூர்துமேரி கருநீலச் சட்டையில் குளத்தின் நீளம் போய்த் திரும்பினாள். மாமியும் கயிற்றைப் பிடித்தபடி பாதி தூரம் போய்வந்தாள்.

“நல்லா இருக்கு. ஆனா நீந்தத் தெரிஞ்சவங்க எதைப் போட்டாலும் நீந்திடுவாங்க” என்றார் டாக்டரம்மா. “தெரியாத ஒருத்தர் ஆழத்துல தடுமாறினா இந்தத் துணி என்ன பண்ணும்? அதைத்தான் நான் பார்க்கணும். நீந்தத் தெரியாத யாராவது இதுல இறங்குங்க. இவங்க இழுத்துட்டு வரட்டும்” என்று லூர்துமேரியைக் காட்டினார்.

புது வெட்டில் தைத்திருந்தது மூன்றே மூன்று. மூன்றாவது பேச்சியம்மாளின் பைக்குள் இருந்தது.

“வேணாம் யக்கா, நாளிக்கி வேற யாருக்காச்சும் தச்சுக்கலாம்” என்றாள் லூர்துமேரி மெதுவாக.

பேச்சியம்மாள் பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வெளியே வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. நாலு வருஷமாக மற்றவர்களின் சேலையை மடித்தவள், தன் சேலையை மடித்துக் கோமளா மாமி கையில் கொடுத்தாள். படியில் கால் வைத்தாள். முழங்கால் ஏறியது, இடுப்பு ஏறியது, மார்பு ஏறியது. லூர்துமேரி அவள் தாடையைப் பிடித்து ஆழத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே கையை விட்டாள்.

பேச்சியம்மாள் முங்கினாள். மூக்கில் தண்ணீர் ஏறியது. கையும் காலும் கண்டபடி அடித்துக்கொண்டன. ஆனால் அந்தக் கலவரத்திலும் ஒன்றை அவள் கவனித்தாள். எதுவும் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. காலை உதறினால் கால் உதறியது. கையை வீசினால் கை போனது. கண்ணைத் திறந்தாள். கீழே கறுப்புக் கோடு, பக்கத்தில் லூர்துமேரியின் கருநீலக் கால்கள், அதில் தான் போட்ட ஓரத்தையல் நேராக இருப்பதுகூடத் தெரிந்தது. அதற்குள் ஒரு கை அவள் கக்கத்தைப் பற்றி மேலே தூக்கிவிட்டது.

கரையோரம் வந்து இருமி முடிப்பதற்குள் டாக்டரம்மா குனிந்து, சட்டையின் கழுத்து, கை, இடுப்பு எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தார். “எங்கேயும் ஏறவும் இல்ல, சுத்தவும் இல்ல. இதையே விதியில சேர்க்கச் சொல்லி எழுதறேன். பெண்கள் நேரம் இருக்கட்டும்.” பிறகு கேட்டார்: “யாரும்மா தைச்சது?”

“நாந்தான் தைச்சேன்” என்றாள் பேச்சியம்மாள். அப்படிச் சொல்லும்போது குரலை அவள் தாழ்த்திக்கொள்ளவில்லை.

“இவளாக்கும்!” என்றாள் கோமளா மாமி, தானே பெற்றதுபோல. அன்வரி பேகம் கைதட்ட, குளம் முழுக்கக் கைதட்டல் எழுந்து சுவரில் மோதித் திரும்பியது.

சத்தம் கேட்டு வெளியே மாணிக்கவாசகத்துக்குப் பொறுக்கவில்லை. “என்னாச்சு? முடிஞ்சுதா? பையன்களை வரச் சொல்லலாமா?” என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

பேச்சியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தாள். முகத்தை வழித்துவிட்டு, ஆழத்தைப் பார்த்துக் கத்திப் பழகிய அதே குரலில் சொன்னாள்:

“இப்ப வராதீய ஐயா. பொம்பளையாளு நேரம் இன்னும் முடியல.”