இரண்டு நூல் குறைவு

சென்ற வாரம் மும்பை லோக்கல் ரயிலில், செம்பூரில் ஏறிய ஒரு பெண் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் கைப்பையில் இயர்பட்ஸ் டப்பி ஒன்று தோல் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. என் கை சும்மா இருக்குமா? நீட்டித் தடவிப் பார்த்துவிட்டேன். அசல் தோல்தான். மூலையில் தையல் கொஞ்சம் இழுத்திருந்தது. அவள் பையை வெடுக்கென்று மடிக்கு மாற்றிக்கொண்டாள். திருடி என்று நினைத்திருப்பாள், பாவம். தோலும் பசையும் கலந்த வாசனை மட்டும் என் விரலோடு வந்துவிட்டது.

அந்த வாசனையில்தான் என் இளவயது முழுக்கப் போனது. தாராவியில் மொபைல் உறை தைக்கும் கார்கானாவில் வேலை. மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலிருந்து நடந்தே போவேன். ஃபோன்கள் சோப்புக்கட்டி அளவில் இருந்த காலம். இடுப்பு பெல்ட்டில் மாட்டும் உறைக்குத்தான் கிராக்கி. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்தான், ஆனாலும் எங்களுக்கு சேட். தையலில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்வார். அதைக் கேட்கவே சீக்கிரம் போய் உட்காருவேன் என்றால் சிரிப்பீர்கள்.

பக்கத்து மிஷின் ஜன்னத்துடையது. மேலப்பாளையத்துக்காரி, என் வயது. தையல் சுமார்தான். ஆனால் நெட் வேகமான புதிதில், எங்களில் முதலில் பெரிய திரை ஃபோன் வாங்கியவள் அவள். சாப்பிடும்போதும் புதுச் சாமான்களின் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். நானோ என் பட்டன் ஃபோனில் நெட் பட்டனைத் தவறி அழுத்திவிட்டாலே பதறி அணைக்கிறவள். பெல்ட் உறை இனி ஓடாது என்று அவள் சொன்னபோது சிரித்தேன். ஆறே மாதத்தில் ஓடாமல் போனது. அந்தக் கோபம் எனக்கு ஃபோன் மேல் வரவில்லை, அவள் மேல் வந்தது.

பிறகு ஒருநாள் திரையை சேட் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நெட்டு இம்புட்டு வேகமாயிட்டுல்லா சேட், இனி எல்லாரும் ட்ரெயின்லயே படம் பாப்பாவ. கூட்டத்துல காது வயரு மாட்டி இழுக்கும். வயரில்லாததத்தான் தேடுவாவ. அத வைக்க இந்தா, குட்டி டப்பி. இதுக்கு நாம உறை தைச்சா என்ன?"

சேட் எங்கள் பக்கம் திரும்பினார். "இவ மூளையப் பாருங்க. நீங்களும் இருக்கியளே."

'நீங்களும்' என்றதில் நானும் இருந்தேன். வயிறு எரிந்தது.

வீடியோவில் சொன்ன அளவை வைத்து ஜன்னத் அட்டையில் மாதிரி வெட்டினாள். வெட்டியவள் நேரே என்னிடம்தான் வந்தாள். "ஏட்டி, ஒன் தையல் இருந்தாத்தான் இது நிக்கும். நீயே தைச்சுக் குடுட்டி." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அவள் கை கழுவப் போன நேரம். அட்டையின் ஒரு ஓரத்தில் கட்டரை வைத்து இரண்டு நூல் சீவிவிட்டேன். எங்கள் கணக்கில் எட்டு நூல் ஓர் இன்ச். இரண்டு நூல் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது, டப்பிக்குத் தெரியும்.

ஐம்பது உறை தைத்தோம். மாஹிம் வியாபாரி அசல் டப்பியோடு வந்து நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இன்னொன்று, இன்னொன்று. சேட் கத்தினார்: "வீடியோ பாத்து வேலை செஞ்சா வெளங்குமா?"

ஜன்னத் அட்டையை எடுத்து ஓரங்களை விரலால் தடவினாள். ஒரு ஓரத்தில் மட்டும் அவள் வரைந்து வெட்டிய பென்சில் கோடு இல்லை. என்னை ஒருமுறை பார்த்தாள். நான் ஊசியில் நூல் கோப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"நாந்தான் தப்பா அளந்துட்டேன், சேட்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் புதிதாக வெட்டிக்கொடுத்தாள். டப்பி சரியாக உட்கார்ந்தது. ஆர்டரும் கைநழுவவில்லை. ஆனால் அன்றிலிருந்து அட்டையை அவள் மேசையில் விட்டுப்போவதில்லை. அடுத்த வாரம் என்னிடம் தோல்துண்டை நீட்டி, "இதத் தைச்சுருங்க" என்றாள். தைச்சுருங்க! 'ஏட்டி' போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாய்வரை வந்தது. 'பெரிய அறிவாளி' என்ற பொருமலும் கூடவே வந்து அதை அடைத்துவிட்டது.

அவள் வாஷியில் ஒரு பை கம்பெனிக்கு டிசைன் போடப் போனாள். எங்கள் உறைகளை அச்சில் வார்த்த ரப்பர் உறைகள் தின்றுவிட்டன. கார்கானாவும் இல்லை. இன்று என்னிடமும் வேகமான ஃபோன் இருக்கிறது. அதில் ஜன்னத் ஸ்டேட்டஸில் வைக்கும் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதே என் முக்கிய வேலை. அவள் மணிக்கட்டில் பேசுகிற வாட்ச், வீட்டு ஜன்னலுக்கு வெளியே கடல். இன்னும் எரிகிறதா என்று கேட்காதீர்கள். எரிகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்த டப்பிகளெல்லாம் வருமுன், ஜன்னத்திடம் ஒரே ஒரு வயர் இயர்ஃபோன் இருந்தது. ஒரு முனை அவள் காதில், மறுமுனை என் காதில். பாட்டுக் கேட்டுக்கொண்டே தைப்போம். அந்த வயர் எட்டுவதற்காக இரண்டு மிஷினையும் நெருக்கிப் போட்டிருந்தோம். அவள் தலையை ஆட்டிச் சிரித்தால் என் காது இழுபடும். "மெல்லட்டி!" என்று நான் கத்துவேன்.