செருப்புப் போட்ட பேய்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம் நடந்தது இது. மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். எனக்கு இருபது வயது. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். கணவருக்கு பஸ் கண்டக்டர் வேலை கிடைத்ததால் டவுனுக்கு வந்தோம். வந்த சில மாதங்களில் எங்கள் முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்துபோனது. நான் பிழைத்ததே பெரிது என்றார்கள்.

துக்கம் விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, நான் தூங்குவதாக நினைத்து அடுப்படியில் சொன்னாள்: "இவளாவது பொழச்சாளே. போயிருந்தா பொந்தியானாக்காதான் அலைஞ்சிருப்பா." பிரசவத்தில் இறந்த பெண் வெள்ளை அங்கியும் விரித்த கூந்தலுமாக வாழைத் தோப்பில் அலைவாள் என்று எங்கள் பக்கத்தில் எல்லா இனத்தாரும் பயப்படும் பேய் அது. அந்த உறவுக்காரி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் எனக்குள் தங்கிவிட்டது. தலைமுடியை அவிழ்த்து வாரவே பயமாக இருந்தது. வாசலுக்கு வருவதை நிறுத்தினேன். கணவரிடம்கூடக் காரணம் சொல்லவில்லை.

பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய தமிழர் வழிவந்த மலாக்கா செட்டி அக்கா ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, உடுப்பது மலாய்ப் பெண்களைப் போல சரோங் கபாயா, பேசுவது மலாய். அவருக்குத் தமிழில் பத்து வார்த்தை தெரியும். எனக்கு மலாயில் அதைவிடக் குறைவு. ஆனாலும் தினமும் ஒரு கிண்ணத்தில் ஏதாவது கொண்டுவந்து வைத்து, சற்று நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் அவர் என் கணவரிடம் மலாயில் எதையோ சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக் காட்டினார். கணவர் என்னிடம் வந்தார். "டவுன்ல பகல் காட்சி ஒண்ணு ஓடுதாம். ரொம்பச் சிரிப்பா இருக்குமாம். வீட்டுக்குள்ளயே கெடந்தா எப்படி? அக்கா இவ்வளவு ஆசையா கூப்புடுறாங்க, போயிட்டு வாயேன்." மறுக்கத் தெம்பில்லாமல் போனேன்.

விளக்கு அணைந்தது. திரையில் வாழை மரங்கள். நடுவிலிருந்து வெள்ளை அங்கியில், கூந்தலை விரித்துப்போட்டு ஒரு பெண் வந்தாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அக்கா என் கையைப் பிடித்தார். நான் வெடுக்கென்று உதறினேன். என் குழந்தை போனது தெரிந்த இவளே என்னைக் கேலி செய்யக் கூட்டிவந்திருக்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. எழுந்து போகலாம் என்றால், கொட்டகை நிறைந்து வரிசை முழுக்கக் கால்கள்.

அப்போது அந்தப் பேய் பறந்தது. அதைத் தூக்கிய கயிறு பளிச்சென்று தெரிந்தது. காலில் ரப்பர் செருப்பு. போய் ஒரு வாழை மரத்தில் மோத, வேரில்லாமல் நட்டுவைத்த அந்த மரம் சாய்ந்து விழுந்தது. கொட்டகையே அதிர்ந்தது. எத்தனை தடவை பார்த்தவர்களோ, செருப்பு தெரிவதற்கு முன்பே விசில் அடித்தார்கள். பணமில்லாமல் யாரோ கையில் கிடைத்ததை வைத்து எடுத்த படம். தோப்பு முழுவதற்கும் அதே ஐந்தாறு மரங்கள்தான். என்னையறியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு கேட்ட என் சிரிப்பு எனக்கே அந்நியமாக இருந்தது.

ஆனால் கதை போன போக்கு வேறு. அந்தப் பேய் யாரையும் கொல்லவில்லை. தன் குழந்தையைத் தேடி வீடு வீடாக எட்டிப் பார்த்தது. கம்பத்து, அதாவது அந்த மலாய்க் கிராமத்து, ஆட்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் ஒரு மருத்துவச்சி அதை உட்காரவைத்துத் திட்டி, சிக்கெடுத்துத் தலை வாரிவிட்டாள். அதற்கும் சனங்கள் சிரித்தார்கள், பேய் "ஆ, ஆ" என்று கத்தியதால். நான் முந்தானையை வாயில் வைத்து அழுதேன். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

வெளியே வந்து பாதி தூரம் நடந்தோம். கோபம் எனக்கு முழுசாகப் போகவில்லை. ஒரு மர நிழலில் நின்று, "ஏன்க்கா இந்தப் படத்துக்கு என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று தமிழிலேயே கேட்டேன். என் குரல் அவருக்குப் புரிந்தது. பதிலுக்குத் தன் வயிற்றைத் தொட்டார். இரண்டு விரலைக் காட்டினார். "ஆனாக்... டுவா," என்றார். பிள்ளை, இரண்டு. பிறகு கையை விரித்து, இல்லை என்று காட்டினார். கொட்டகைப் பக்கம் திரும்பி நாலு விரலைக் காட்டினார். அதே படத்தை அவர் நாலு தடவை பார்த்திருக்கிறார்.

உதறிய அதே கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க மலாய்ச் சொல் தெரியவில்லை. "தாப்பா, தாப்பா," என்றார் அவர், பரவாயில்லை என்று. அங்கேயே நின்று இருவரும் அழுதோம். அந்த வாழை மரம் சாய்ந்ததை அவர் கையால் நடித்துக் காட்டியதும் சிரித்தோம்.

அந்த அக்கா இப்போது இல்லை. அந்தப் படத்தை மட்டும் பிறகு திடல்களில் வெள்ளைத் துணி கட்டி எத்தனையோ தடவை போட்டார்கள். ஒவ்வொரு முறையும் போனேன். பின்னால் பிறந்த என் மகள், "இவ்வளவு மட்டமான படத்தைப் போய் எத்தனை தடவைம்மா பார்ப்பீங்க?" என்று கேட்பாள். செருப்பு தெரியும் இடத்தில் எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரிப்பேன். ஆனால் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பவர்கள் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்ததாக நினைக்கும் துணிச்சல் அந்தப் பகலோடு என்னை விட்டுப் போய்விட்டது.