சமையலறைக்கு அடியில் ஒரு கால்வாய்

எங்கள் அண்ணியைத் தெருவில் எல்லோரும் டேங்கர்க்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் எட்டாத மேட்டுத் தெருக்களுக்கு லாரியில் தண்ணீர் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். வண்டி ஓட்டுவது அவர்தான். அண்ணனுக்கு ரிவர்ஸ் என்றாலே கை உதறும்; ஹோஸ் பிடிப்பதோடு சரி.

எங்கள் வரிசை வீடுகளுக்கு அடியில் தாத்தா காலத்துக்கும் முந்தைய செங்கல் கால்வாய் ஒன்று போகிறது. அதைச் செப்பனிட்டு மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றப் போவதாகவும், அதற்காக வரிசை முழுவதையும் எடுத்துக்கொள்வதாகவும் குடிநீர் வாரியம் நோட்டீஸ் ஒட்டியது. தெருவே கொதித்தது. மூலைவீட்டு மருந்துக்கடைக்காரர் திட்டத்தையே நிறுத்தச் சொல்லி வழக்குப் போடக் கிளம்பினார். கையெழுத்துக்கு முதலில் அண்ணியிடம்தான் வந்தார்.

"கால்வாய் வந்தா வீடும் போச்சு, உங்க பொழப்பும் போச்சும்மா."

"மேட்டுல குடத்தோட நிக்கிறவங்க மூஞ்சிய தினமும் பாக்கிறவ நான். தண்ணி வேண்டாம்னு என்னால கையெழுத்துப் போட முடியாது," என்றார் அண்ணி. "ஆனா வீட்டையும் விட மாட்டேன். அது வேற சண்டை."

அந்த வேறு சண்டையைத் தனி வழக்காகவே போட்டார். இரண்டு வழக்குகளும் ஒன்றாக விசாரணைக்கு வந்தன. அண்ணி எழுந்தபோது குரல் நடுங்கியது.

"ஐயா, கால்வாய் என் சமையலறைக்கு அடியிலதான் போகுது. அத இடிக்கட்டும், நானே இடிச்சுத் தரேன். மத்த ரூமெல்லாம் எதுக்குங்க?"

நீதிபதி வாரியத்தின் இன்ஜினியரைப் பார்த்தார். அவர் மழுப்பவில்லை. "மண்ணு, சாமான் போட்டு வைக்கத்தான் சார். வேற இடம் பாத்துக்கலாம்."

கால்வாய்க்கு மேலிருக்கும் இடம் மட்டும் வாரியத்துக்கு, மற்றதெல்லாம் வீட்டுக்காரர்களுக்கு என்று தீர்ப்பானது. மருந்துக்கடைக்காரர் வீடும் தப்பித்தது. அவர் வழக்கு மட்டும் தள்ளுபடி.

சொன்னபடி அண்ணியே முதல் கடப்பாரையைப் போட்டார். அதன்பின் ரொம்ப நாள் கூடத்தில்தான் அடுப்பு எரிந்தது. புகையில் இருமிக்கொண்டே சாப்பிட்டோம்; ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

மேட்டில் குழாய் திறந்த அன்று அண்ணி வழக்கம்போல் லாரியை ஏற்றினார். ஒரு குடம்கூட வரவில்லை. வண்டியை விட்டு இறங்கி, ஒரு வீட்டு வாசல் குழாயில் கையேந்திக் குடித்தார். அந்த வீட்டுப் பெண் அவரை அடையாளம் கண்டு, "உங்க சமையலறைதானேக்கா இது!" என்று கட்டிக்கொண்டாள். அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"ஏறுங்க," என்றார் அண்ணனிடம். "கட்டட வேலைக்குத் தண்ணி கேட்டுட்டிருந்தாங்க. போய்ப் பாப்போம்."